காலி செய்யாத வீடு

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஹவுஸ் ஓனர் வீட்டு இரும்பு கேட்டில் பச்சைப் பெயின்டால் ‘வாட்ச்மேன்’ என்று பெரிதாக எழுதியது நான்தான். தெருப் பிள்ளைகள் யாரோ எழுதிவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரர் அப்போது சமாளித்துப் பார்த்தார். எடுபடவில்லை. பட்டப்பகலில், நாற்காலி போட்டு ஏறி நின்று, தெருவே வேடிக்கை பார்க்க எழுதினேன்.

இதையெல்லாம் எழுதாதே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். பெண் பத்தாவது படிக்கிறாள், நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா என்றார்கள். அந்தப் பெண்ணிடமே, கவியாவிடமே கேட்டேன். “எழுதும்மா. ஆனா நீ பண்ணதயும் சேத்து எழுது, உன் பக்கத்த மட்டும் எழுதாத” என்றாள். ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. பிறந்தது செல்லிப்பட்டு, வாழ்க்கைப்பட்டது ஏம்பலத்தில், ஒன்பது வருஷமாகக் குடியிருப்பது வில்லியனூர் பக்கத்தில் வாடகைக்கு. முன்னால் ஓனர் வீடு, பின்னால் வரிசையாக நான்கு சின்ன வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே காம்பவுண்டு, ஒரே மோட்டார். எங்களுடையது கடைசி வீடு. ஓனர் கோதண்டபாணி அண்ணன் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் மனைவி சரோஜா அக்கா. என் வீட்டுக்காரர் குமார் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் மாத்திரை கம்பெனியில் செக்கர். பத்துப் பத்து மாத்திரையாக அட்டை அட்டையாக பெல்ட்டில் வரும். ஒரு குழியில் மாத்திரை இல்லாமல் இருந்தால் அந்த அட்டையைப் பார்த்து எடுத்துவிட வேண்டும். பதினோரு வருஷத்தில் என் கண்ணைத் தாண்டி ஒரு காலிக் குழி வெளியே போனதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன வைகாசியில் கம்பெனிக்கு அவசர ஆர்டர் வந்தது. இரட்டை ஷிப்ட் பார்த்தோம். மூன்று நாள் சரியான தூக்கம் இல்லை. நாலாம் நாள் கண் அசரும் என்று பார்த்தால், தூக்கமே தேவையில்லை என்று தோன்றியது. களைப்பு என்ற பேச்சே இல்லை. உடம்பெல்லாம் தெம்பு. மனசுக்குள் ஒரு யோசனை முடிவதற்குள் நாலு யோசனை வந்து நின்றது. வீட்டில் இருந்த பாத்திரத்தில் பாதியைத் தெருவில் போனவர்களுக்குக் கொடுத்தேன். குமார் தடுத்தபோது, “நமக்கு எதுக்குய்யா பழசு, நாம கம்பெனி ஆரம்பிக்கப் போறோம்” என்றேன்.

என்ன கம்பெனி என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஆனால் யார் யாருக்கு என்ன பதவி என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பெயின்ட் வாங்கி வந்து முதல் வீட்டுக் கதவில் ‘மேனேஜர்’, இரண்டாவதில் ‘கேஷியர்’, மூன்றாவதில் ‘ஸ்டோர்ஸ்’ என்று எழுதினேன். எங்கள் கதவில் ‘எம்.டி.’ என்று எழுதிக்கொண்டேன். பிறகுதான் ஓனர் கேட்டுக்குப் போனேன்.

“இன்னாம்மா இது? பைத்தியமா உனக்கு?” என்று ஓனர் ஓடி வந்தார்.

“ஒண்ணாந்தேதி டாண்ணு சம்பளம் வந்துடும் அண்ணே, கவலப்படாதீங்க” என்றேன்.

பிரஷைப் பிடுங்க வந்தார். நான் தள்ளினேன். டப்பா அவர் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அக்கம்பக்கம் அப்போதுதான் பயந்தது. மறுநாள் காலை மெயின் ரோட்டின் நடுவில் நின்று, வேலைக்கு ஆள் வேண்டும் என்று பஸ்களை மறித்தேன். மூன்றாவதாக நின்ற பஸ்ஸின் ஜன்னலோரம் கவியா யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தாள். அவள் குனிந்துகொண்டாள். கேட்டையும் வேட்டியையும் நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்புகூட வரும். அவள் குனிந்ததை நினைத்தால் மட்டும் அது வராது.

சொந்தத்தில் ஒருவர் மந்திரிக்கச் சொன்னார், ஒருவர் வேப்பிலை அடிக்கச் சொன்னார். குமார் யாருக்கு போன் செய்தார் தெரியுமா? அவர் தங்கை விஜயாவுக்கு. எனக்கும் விஜயாவுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் மகள் மஞ்சள் நீராட்டில் என் அம்மாவை முதல் பந்தியில் உட்கார வைக்கவில்லை என்று நான் மூட்டிய சண்டை. அவள் ஏம்பலத்தில் கரும்பு வெட்டுக்குப் போயிருந்தவள், போட்டது போட்டபடி வந்தாள். வந்ததும் அண்ணனைப் பார்த்து, “இன்னா நின்னுக்கினு இருக்க? வண்டிய எடு. இது பெரியாசுபத்திரி கேசு” என்றாள். என்னிடம், “அண்ணி, கம்பெனிக்கு லைசென்ஸ் வாங்கப் போறோம், வா” என்றாள். நானும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கிளம்பும் அவசரத்தில் குமார் ஒரு காரியம் செய்தார். கதவைப் பூட்டி, சாவியைச் சரோஜா அக்காவிடம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வீடு இருட்டாகக் கிடக்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். ஊருக்குப் போனால் ஓனர் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவோம், அக்கா வெள்ளிதோறும் விளக்கேற்றி வைப்பார். ஒன்பது வருஷமாக அப்படித்தான். அதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முழுக்கக் காத்திருப்பு. ஓ.பி. சீட்டு, ரத்தம், சிறுநீர், தலையில் ஸ்கேன். ரத்தம் எதற்கு என்று நான் கத்தியிருக்கிறேன். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி ஏறுமாறாக வேலை செய்தாலும் ஆள் இப்படி மாறலாமாம், அதைப் பார்த்துத் தள்ளிவிட்டுத்தான் மனநோய் என்ற முடிவுக்கே வருவார்களாம். டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு வருஷம் முன்னால் எப்படி இருந்தேன் என்று குமாரிடம் கேட்டிருக்கிறார். அப்போது இரண்டு மாதம் நான் படுத்த படுக்கையாக, குளிக்காமல், யாரிடமும் பேசாமல் கிடந்தேன். ரத்தசோகை என்று நினைத்து ஈரலும் பேரீச்சம்பழமுமாக வாங்கிப் போட்டார்கள். அதுவும் இதுவும் ஒரே நோயின் இரண்டு பக்கம் என்று டாக்டரம்மா சொன்னார்.

தெளிந்த பிறகு எனக்கும் தனியாக விளக்கினார். “செல்வி, எல்லாருக்கும் மனசு கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். உங்களுக்கு ஏறினா எகிறிடுது, இறங்கினா அடியிலேயே போய் உக்காந்துடுது. இதுக்குப் பேரு பைபோலார். நடுவுல பிடிச்சு நிறுத்த மாத்திரை இருக்கு.” அந்த மாத்திரை லித்தியம். அது ஒருவகை உப்பு. ரத்தத்தில் குறைந்தால் பலன் இல்லை, கூடினால் ஆபத்து. அதனால் ராத்திரி மாத்திரை போட்டு, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரை போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து அளவு பார்ப்பார்கள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சாப்பாட்டில் உப்பைத் திடீரென்று குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. நல்லாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. இதை நாலு தடவை சொன்னார். வாழ்நாளெல்லாம் மாத்திரை அட்டையைப் பார்த்தவளிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்கு ரோஷமாகக்கூட இருந்தது.

வார்டில் பெண்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவருடனும் வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும். என்னுடன் விஜயா இருந்தாள். இருபத்துமூன்று நாள், கூலியை விட்டுவிட்டு, என் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுக் கிடந்தாள். முதல் வாரம் நான் அவளைத் திட்டாத வார்த்தை இல்லையாம். ஊசி போட்டால் ராத்திரி தூங்கிவிடுவேன், பகலில் வாய் ஓயாது. ஒருநாள் சற்றுத் தெளிவாக எழுந்து, “விஜயா, உன்னை ரொம்பப் பேசிட்டனா?” என்றேன். “மஞ்சத்தண்ணி பந்தி கதையத் தவிர வேற ஒண்ணும் புதுசா பேசல அண்ணி” என்றாள். சிரித்துக்கொண்டே தலைவாரி, சிக்கெடுத்து, பின்னிவிட்டாள். அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பந்திச் சண்டை அத்துடன் முடிந்தது.

எதிர்க் கட்டிலில் பாகூர்க்காரம்மா ஒருவர் இருந்தார். பேச்சும் நடையும் நம்மைப்போலத்தான். காலையில் எல்லோர் போர்வையையும் மடித்து வைப்பார். எப்போது வீட்டுக்கு என்று கேட்டேன்.

“டாக்டரு எப்பவோ போவச் சொல்லிட்டாங்கம்மா. வூடு எங்க இருக்குது போறதுக்கு? நான் இங்க வந்த மாசமே வாடகை வூட்ட காலி பண்ணிட்டாங்க. வீட்டுக்காரரு மெட்ராஸ் பக்கம் போயிட்டாருன்றாங்க. அட்ரஸ் இல்ல.”

“அப்ப?”

“ஏதோ ஹோமுல சேக்கறன்றாங்க.”

அவர் அழவில்லை, போர்வையைத்தான் மடித்தார். நோய் குணமாவது ஒரு பாதி, போய்ச் சேர ஒரு கதவு இருப்பது மறு பாதி என்று அன்றைக்குப் புரிந்தது.

மூன்றாவது வாரம். குமார் தினமும் சாயந்திரம் வருவார். கவியாவை ஏம்பலத்தில் விஜயா வீட்டில் விட்டிருந்தார். நாலு நாளாக ஒரே சட்டையில் வந்தார். நீலக் கோடு போட்டது, காலரில் அழுக்கு. கொண்டு வந்ததும் கடை பன். முந்தின வாரம்வரை அக்காவிடம் சாவி வாங்கி வீட்டைத் திறந்து, ரசம் வைத்து எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர். செக்கர் கண்ணுக்கு இது போதும்.

“வீட்டுக்குப் போவலியா நீ?”

“போனனே.”

“அப்ப வேற சட்ட எங்க?”

அவர் விஜயாவைப் பார்த்தார். விஜயா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு குமார் வாய் திறந்தார். ஓனர் எங்கள் கதவுக்குத் தன்னுடைய பூட்டைப் போட்டிருந்தார். கேட்டதற்கு, “சாவிய உன் கையாலதானப்பா குடுத்துட்டுப் போன? சாவி குடுத்தா வூட்ட ஒப்படைச்ச மாதிரி. சாமான வந்து எடுத்துக்கோ” என்றாராம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஒரு மாதம் சும்மா கிடக்குமே என்று, ஆனி முடிவதற்குள் வேறு ஒரு குடும்பத்துக்கு வீட்டைப் பேசி, அவர்கள் பால் காய்ச்ச நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது. குமார் ஆட்டோவிலேயே படுத்துக் குளத்தில் குளித்துவிட்டு வந்திருக்கிறார். எனக்குத் தெரிந்தால் நோய் கூடிவிடும் என்று மறைத்திருக்கிறார்.

நோய் கூடவில்லை. பயம் வந்தது, சுத்தமான, நியாயமான பயம். டிஸ்சார்ஜ் ஆகி எங்கே போவது? அடுத்த வீடு தேடினால் எந்த ஓனர் கொடுப்பான்? கதை வில்லியனூர் முழுக்கப் பரவியிருந்தது. கவியா பரீட்சை வருஷம். பாகூர்க்காரம்மாவின் மடித்த போர்வை கண்ணிலேயே நின்றது. அன்றைக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மாவிடம் நானே சொன்னேன். அவர் வார்டின் சமூகப் பணியாளரைக் கூப்பிட்டார், அவர் இலவசச் சட்ட உதவிக்கு எழுதினார். மறுநாளே ஒரு வக்கீலம்மா வார்டுக்கே வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, என்னிடமே கேள்வி கேட்டார். பக்கத்தில் இருந்த குமாரிடம் கேட்கவில்லை. அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், யாருக்காவது உதவும். குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல ஓனருக்குக் காரணம் இருந்தால், நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போட்டு, உத்தரவு வாங்க வேண்டும். தானாகப் பூட்டுப் போட்டு வெளியே நிறுத்த முடியாது. வாடகை ஒழுங்காகப் போயிருக்கிறது, அந்த மாத வாடகையைக்கூட போனில் அனுப்பி அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். மனநோய் வந்தவருக்கும் எல்லாரையும்போல ஊருக்குள் குடியிருக்க உரிமை உண்டென்று சட்டமே இருக்கிறது.

“ஒரே ஒரு இடத்துலதான் இடிக்குது” என்றார். “அந்தச் சாவி. எழுத்துல எதுவும் இல்ல. நீங்களே விரும்பி ஒப்படைச்சிட்டுப் போனீங்கன்னு அவர் சாதிப்பாரு. வெளக்கேத்தத்தான் குடுத்தோம்னு நீங்க சொல்வீங்க. யாரு சாட்சி?”

சாட்சி சரோஜா அக்காதான். ஆனால் அக்கா புருஷனுக்கு எதிராக வாய் திறந்து நான் பார்த்ததில்லை. மோட்டார் போடக்கூட அவரைக் கேட்டுத்தான் போடுவார்.

பால் காய்ச்சும் நாளுக்கு மூன்று நாள் முன்னால் சட்ட உதவி அலுவலகத்தில் இரு தரப்பையும் பேச வரச் சொன்னார்கள். முந்தின நாள் என்னை டிஸ்சார்ஜ் செய்தார்கள். ஏம்பலத்தில் விஜயா வீட்டில் தங்கினோம். ராச்சாப்பாட்டின்போது சொந்தங்கள் கூடி ஒரு தீர்மானம் போட்டார்கள். “மூளைக்காய்ச்சல்னு சொல்லிடு. ஜுரத்துல தலைக்கேறிடுச்சி, இப்ப சரியாயிடுச்சின்னு சொன்னா ஓனரு இரக்கப்படுவான்.” குமாரும் தலையாட்டினார். எனக்கு மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குள் போனால், தினமும் மாத்திரையை ஒளித்து வைத்துத்தான் போட வேண்டும். மாதா மாதம் ரத்தம் எடுக்கப் போவதற்கும் ஒரு பொய் வேண்டும். இதெல்லாம் என்னால் ஆகாது.

அலுவலகத்தில் நீள மேஜை. ஒரு பக்கம் ஓனரும் சரோஜா அக்காவும், எதிரில் நாங்கள். நடுவில் சமரசம் பேசும் வயதான வக்கீல். ஓனர்தான் ஆரம்பித்தார். சாவிக் கதையைச் சொன்னார். பிறகு, “ஐயா, நான் கெட்டவன் இல்ல. மத்த குடித்தனக்காரங்க பயப்படறாங்க. எனக்கே பயமா இருக்குது. நாளைக்கு கத்தி எடுத்தா யாரு பதில் சொல்றது?” என்றார். அவர் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

குமார், “அது வந்துங்க, மூளைக்...” என்று தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எழுந்தேன். உட்கார்ந்தே பேசலாம் என்றார் வக்கீல். நின்றுகொண்டுதான் பேசினேன்.

“காய்ச்சல் இல்லீங்க. எனக்கு வந்தது பைபோலார்னு ஒரு மனநோய். இருபத்துமூணு நாள் ஆசுபத்திரில இருந்தேன். மாத்திர சாப்பிடறேன், இனிமேயும் சாப்பிடுவேன். அண்ணே, உங்க கேட்டுல எழுதுனது தப்பு. உங்க மேல பெயின்ட் ஊத்துனது தப்பு. உங்க பயமும் நியாயந்தான். அதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்கறேன். எழுதுனத நானே சுரண்டி பெயின்ட் அடிச்சுத் தரேன். ஆனா நோய் வந்ததுக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேன். அது தப்பு இல்ல.”

இதுதான் நான் பேசியது. ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பதினோரு வருஷ வேலையில் கிடைக்காத பெருமை எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. விஜயா பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சியது கேட்டது.

அப்போது எங்கள் வக்கீலம்மா ஓனரைக் கேட்டார். “வீடு யார் பேர்ல இருக்குது சார்?”

“எங்க வூடுதான்.”

“பத்திரம் யார் பேர்ல?”

ஓனர் சற்று நெளிந்தார். “பேருக்கு அவ பேர்ல இருக்குதும்மா. பொம்பள பேர்ல பதிஞ்சா பத்திரச் செலவு கொறையும்னாங்க. நம்ம பாண்டிச்சேரில எல்லாரும் பண்றதுதான். பணம் போட்டது, கட்டுனது, வாடகை வாங்கறது எல்லாம் நான்.”

“அப்போ குடித்தனம் வெச்சிருக்கிற ஓனர் அவங்கதான். சாவிய வாங்கினதும் அவங்கதான். அவங்க சொல்லட்டுமே” என்றார் வக்கீலம்மா.

எல்லோரும் சரோஜா அக்காவைப் பார்த்தோம். ஓனரும் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மேஜையைப் பார்த்தபடிதான் பேசினார், ஆனால் குரல் உடையவில்லை.

“வெளக்கேத்தத்தான் சாவி குடுத்தாரு குமாரு. ரெண்டு வெள்ளி ஏத்துனேன். அதுக்கப்புறம் இவரு பூட்டு போட்டுட்டாரு. மூணாவது வெள்ளி ஜன்னல் வழியா கைய வுட்டு உள்ள அகல் வெளக்க வெச்சேன். காலி பண்ண வூட்டுல எவளாச்சும் வெளக்கேத்துவாளா சார்?”

“ஏன்டி இத எங்கிட்ட சொல்லல?” என்றார் ஓனர்.

“நீ எப்ப கேட்ட?” என்றார் அக்கா.

பூட்டை அன்றைக்கே எடுப்பதென்றும், இனி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், பதினோரு மாத அக்ரிமென்ட் போடுவதென்றும் முடிவானது. புதிய குடும்பத்துக்கு ஓனர் போன் செய்து அட்வான்சைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். சாயந்திரம் பூட்டைத் திறந்துவிட்டார். உள்ளே எங்கள் சாமான் தூசி படிந்து கிடந்தது. கவியா நேராகப் போய்ப் படுத்து, “எங்க வூட்டுத் தர ஜில்லுனு இருக்குதும்மா” என்றாள். நான் துடைப்பத்தை எடுத்தேன்.

மறுவாரம் கேட்டைச் சுரண்டி, சிவப்பு அடித்துக் கொடுத்தேன். மற்ற கதவுகளுக்கும் அடித்தேன். முதல் வீட்டுக்காரி மட்டும், “மேனேஜர்னு இருந்தது நல்லாத்தான் இருந்துச்சி, வுட்டுடு” என்று அழிக்க விடவில்லை. இன்றும் இருக்கிறது. கம்பெனியில் இரண்டு மாதம் கழித்துச் சேர்த்துக்கொண்டார்கள், பகல் ஷிப்ட் மட்டும் என்று டாக்டரம்மா கடிதம் கொடுத்திருந்தார். தெருவில் சிலர் இன்னும் என்னைக் கண்டால் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்கிறார்கள். நானும் நின்று, “சாப்டீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.

அக்ரிமென்ட் எழுத ஆடி முடிந்துவிட்டது. ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓனர் வீட்டு ஹாலில் உட்கார்ந்தோம். வக்கீலம்மாவும் வந்திருந்தார். ஓனர் டவுனில் டைப் அடித்து எடுத்து வந்திருந்த பேப்பரில் எல்லாம் சரியாக இருந்தது. கடைசிக்கு முந்தின வரி மட்டும் புதிது. ‘குடியிருப்பவருக்கு மனநோய் திரும்பவும் ஏற்பட்டால் உடனே வீட்டைக் காலி செய்ய வேண்டும்.’ வக்கீலம்மா வாய் திறப்பதற்குள் நான் அதைப் பார்த்துவிட்டேன். ஆனால் அதை முதலில் சத்தமாகப் படித்தது சரோஜா அக்கா. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் என்பதால் பேப்பர் அவரிடம் இருந்தது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அந்த வரியை முடிக்க நேரமாயிற்று.

முடித்துவிட்டுப் புருஷனை நிமிர்ந்து பார்த்தார்.

“நாளைக்கு எனக்கு இதே மாதிரி வந்துச்சின்னா, என்ன எந்த வூட்டுக்கு அனுப்புவ?”

“உனக்கு எதுக்குடி வரப்போவுது?”

“அவளுக்கு வரும்னு யாராச்சும் நெனச்சாங்களா?”

ஓனர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அவரே தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அந்த வரியை அழுத்தி, முதலிலிருந்து கடைசிவரை ஒரே கோடாக அடித்தார். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பேப்பரை என் பக்கம் தள்ளினார்.

லித்தியம் சாப்பிட்டால் சிலருக்கு விரல் லேசாக நடுங்கும். எனக்கு நடுங்குகிறது. அதனால் பேனாவை இறுக்கிப் பிடித்து, பெயரை முழுசாக எழுதினேன். எழுத்து மேலும் கீழுமாகக் கோணிக்கொண்டு விழுந்தது.

“ஒண்ணும் பிரச்சினையில்ல, வேற காப்பில திரும்பப் போடறீங்களா?” என்றார் வக்கீலம்மா.

“வேணாம் மேடம்” என்றேன். “இப்ப என் கையெழுத்து இதான்.”